உதைபந்தாட்டப் பேராசான் ரகீம்

பந்தைத் தன் காலடியிலேயே வைத்திருக்க விழையும் இளைஞனுக்கு, அதனைத் தோழனிடம் கொடுத்துவிட்டு ஓடக் கற்பித்தல் எளிதன்று. அப்பணியிற் சிறந்து விளங்கியவர் சையது அப்துல் ரகீம்.

1909ஆம் ஆண்டு ஐதராபாத்திற் பிறந்த இவர் பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றினார். 1950இல் ஐதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்றுநரானார். பந்தைத் தனியே உருட்டிச் செல்லுதலை விலக்கிய போட்டிகளையும், பழக்கம் குன்றிய காலால் மட்டுமே ஆடும் போட்டிகளையும் நடத்தினார். தனித்துச் செல்ல வழியில்லாதபோது, பந்துடையவன் உடனே கொடுத்தாக வேண்டும். பந்தில்லாதவர் வெற்றிடம் நாடி ஓடியாக வேண்டும். நின்றவனுக்குப் பந்து கிட்டாதென்பதை ஆட்டமே உணர்த்திற்று. அவ்வணி 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டும் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது.

இவரிடம் பயின்ற இந்திய அணி 1951இல் ஆசிய விளையாட்டு விழாவில் தங்கப் பதக்கம் பெற்றது. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசிலாவியாவிடம் 10–1 எனத் தோற்றது, இவரோ தளர்ந்தாரல்லர். 1956இல் மெல்போர்ண் ஒலிம்பிக்கில் அவ்வணி நான்காம் இடத்தை எய்தியது. 1962இல் புற்றுநோய் உடலை அரித்த நிலையிலும் அணியுடன் ஜகார்த்தா சென்றார். இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2–1 என வென்று இந்தியா மீண்டும் தங்கம் பெற்றது. மறு ஆண்டு யூன் மாதத்தில் இவர் காலமானார்.

தன் புகழைப் பகிர்ந்தளிப்பவனே அணிக்குப் பயன்படுவான். ஆசிரியர் ரகீம் மைதானத்திற் புகட்டிய இப்பாடம் மாணவர் யாவர்க்கும் உரியது.