ஆடியவர் பலர், ஆளாக்கியவர் ரகீம்!

விழுப்புரம் சந்திப்பிலே ஐந்து திசைகளிலிருந்து இரயில் பாதைகள் வந்து கூடுகின்றன. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று எங்கிருந்து வண்டி வந்தாலும் ஓட்டுநரைப் பார்க்கிறோம், பெட்டிகளை எண்ணுகிறோம். கொளுத்தும் வெயிலிலே தண்டவாளத்தை நிமிர்த்தி வைத்த தோழனை யார் நினைக்கிறார்கள்? விளையாட்டு உலகிலும் இதே கதைதான். கோல் அடித்தவன் படம் ஏட்டிலே வரும். அவனை அடிக்க வைத்தவன் ஓரத்திலே நிற்பான். ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

அப்படி ஓரத்திலே நின்ற ஒருவரின் வாழ்க்கையை இன்று நாம் சொல்லப் புகுகிறோம். அவர் பெயர் சையத் அப்துல் ரகீம். 1909-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அதன் கால்பந்து அணியிலே ஆடினார். பட்டம் பெற்றதும் பள்ளி ஆசிரியரானார். பகலிலே கரும்பலகை, மாலையிலே பந்து. ஐதராபாத்தின் உள்ளூர்ப் போட்டிகளிலே கமர் சங்கத்துக்காகக் களம் இறங்கி நல்ல ஆட்டக்காரர் என்று பெயரும் எடுத்தார்.

நல்ல ஆட்டக்காரர் நாட்டிலே ஆயிரம் பேர் உண்டு. கால் ஓயும், மூச்சு வாங்கும், சட்டையைக் கழற்றி ஆணியிலே மாட்டிவிட்டு வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார்கள். கற்ற வித்தையும் அவர்களோடு திண்ணையிலேயே தூங்கிப்போகும். ரகீம் திண்ணைக்குப் போகவில்லை. உடற்பயிற்சிக் கல்வியையும் முறையாகக் கற்றார். 1943-இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். சாகும்வரை அந்தப் பொறுப்பைச் சுமந்தார். 1950-இல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளரானார். ஆடிய மனிதர் ஆட வைக்கும் மனிதரானார். அவருடைய பெரிய ஆட்டம் அங்கேதான் தொடங்கியது!

மும்பையின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அந்தக் காவலர் அணி வென்றது. கல்கத்தாதான் கால்பந்தின் தலைநகரம் என்று இறுமாந்திருந்தவர்கள் திகைத்தார்கள். இது மந்திரமா, மாயமா? இரண்டும் அல்ல, பயிற்சி! வலக்காலை மட்டும் நம்பியவர்களுக்கு, பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டுமென்று தனிப் போட்டி வைத்தார். பந்தைத் தானே உருட்டிக்கொண்டு ஓடி நாலு பேரை ஏய்த்துக் கைதட்டல் வாங்குபவர்களுக்கு, அப்படி ஓடவே கூடாதென்று ஒரு போட்டி வைத்தார். கிடைத்த பந்தை அடுத்த தோழனுக்குக் கொடு! பதினொரு பேர் ஆடும் ஆட்டத்திலே ஒருவன் மட்டும் மின்ன நினைத்தால் அணி இருண்டுபோகும். இந்தப் பாடம் திடலுக்கு மட்டுமா சொந்தம்? கழனிக்கும், ஆலைக்கும், அமைப்புக்கும் சொந்தமில்லையா?

ஏழைப் பிள்ளையின் கால்களிலே திறமை இருந்தால் அதைத் தேடிப் போகும் கண் அவருக்கு இருந்தது. செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் வளர்ந்தவர் பலராம். பயிற்சிக்கு ஐதராபாத் வந்துபோக அவரிடம் வழியில்லை. வாடகைச் சைக்கிளுக்குக் காசு கொடுத்து வரவழைத்தவர் ரகீம் என்று சொல்வார்கள். அந்தப் பலராம் பின்னாளிலே ஒலிம்பிக்கில் ஆடினார்.

இந்திய அணியின் பொறுப்பும் ரகீமிடம் வந்தது. 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டிலே ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றோம். மறுஆண்டே இடி விழுந்தது. ஹெல்சிங்கியின் குளிரிலே நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். யூகோஸ்லாவியா 10-1 என நம்மைப் புரட்டிப் போட்டது. அதன் பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று. தோல்வியை ரகீம் பாடமாக எடுத்துக்கொண்டார். உலகை வியக்க வைத்த ஹங்கேரியின் ஆட்டமுறையை ஆராய்ந்து, நம்மவருக்கு ஏற்றபடி கற்றுக் கொடுத்தார். பலன்? 1956-இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என வீழ்த்தி அரையிறுதிக்குச் சென்றோம். ஒலிம்பிக் கால்பந்திலே அதுவரை எந்த ஆசிய நாடும் எட்டாத இடம் அது!

1962, ஜகார்த்தா. ரகீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. தாய்லாந்தோடு ஆடியபோது தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்தது, தையல் போட்டார்கள். வேறொருவராயின் அவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார். ரகீமோ அவரைப் பின்வரிசையிலிருந்து எடுத்து முன்வரிசையிலே நிறுத்தினார். துணிச்சலான முடிவு! அரையிறுதியிலே தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் அடித்தார்.

செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே அதே தென் கொரியா. அரங்கம் நிறைந்த கூட்டமோ, விளையாட்டுக்கு வெளியே எழுந்த அரசியல் தகராற்றால் நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. கோல் காக்க நின்றவர் பீட்டர் தங்கராஜ். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவர். பி.கே. பானர்ஜி ஒரு கோல், சில நிமிடங்களிலே ஜர்னைல் ஒரு கோல். 2-1 என வென்றோம்! தமிழ்ப் பெயர் தாங்கிய தங்கராஜ், சீக்கியர் ஜர்னைல், வங்காளி சுனி கோஸ்வாமி, இவர்களை இணைத்து நின்றவர் இஸ்லாமியர் ரகீம். வந்தவரின் சாதியையும் சமயத்தையும் அவர் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார், கருத்தைப் பார்த்தார்.

ஒன்பது மாதங்கள் கழிந்தன. 1963 ஜூன் 11-இல் ரகீம் மறைந்தார். வயது 53. 1970-இல் பாங்காக்கிலே வெண்கலம் கிடைத்தது. அதன்பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்திலே நமக்குப் பதக்கமே இல்லை! 2024-இல் அவர் வாழ்வை இந்தியிலே படமெடுத்தார்கள். அறுபது ஆண்டுகள் கழித்தாவது நினைத்தார்களே என்று மகிழ்கிறோம். ஆனால் படம் பார்த்துக் கண்ணீர் விட்டால் போதுமா?

திண்டிவனத்திலே மல்லாட்டை மூட்டை சுமக்கும் தோழரே, விழுப்புரத்திலே இரயில் பாதையிலே உழைக்கும் தோழரே! உங்களில் எத்தனை பேர் ஒரு காலத்திலே கபடியிலும் கால்பந்திலும் ஊர்ப் பெயரை நிலைநாட்டியவர்கள்! இன்று முட்டி வலிக்கிறது, குடும்பம் இழுக்கிறது என்று ஒதுங்கி நிற்கிறீர்கள். ஒதுங்குவது குற்றமல்ல, வித்தையையும் சேர்த்து ஒதுக்கி வைப்பதுதான் குற்றம். வாரத்திலே ஒரு மாலை திடலுக்குப் போங்கள். பத்துப் பிள்ளைகளைச் சேருங்கள். பழகாத காலால் உதைக்கச் சொல்லுங்கள். பந்தைத் தோழனுக்குக் கொடுக்கக் கற்றுக் கொடுங்கள்.

கிளைகளிலே நரைத்த தலைகளுக்கும் இதையே சொல்கிறோம். நேற்று மேடையேறியவர் இன்று இளைஞனை ஏற்றிவிட்டுக் கீழே நின்று தாங்க வேண்டும். இடத்தை விட்டுக் கொடுப்பது தோல்வி அல்ல. அங்கேதான் இரண்டாவது ஆட்டம் தொடங்குகிறது. அதை ஆடிக் காட்டியவர் ரகீம்!