கொழும்புத்துறை யோகர் சுவாமிகள்

பனி கொட்டும் வெள்ளிக்கிழமையிலும் டென்மார்க்கில் நாம் கோயிலுக்கு வரத் தவறுவதில்லை. எதற்காகக் கும்பிடுகிறோம் என்று பிள்ளைகள் கேட்டால் மட்டும் தடுமாறுகிறோம். யோகர் சுவாமிகளை இங்கு நினைப்பது அதனாலேயே.

1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்த சுவாமிகள், கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியில் ஸ்டோர் கீப்பராக வேலை பார்த்தவர். நல்லூர்த் தேரடியில், விசரர் என ஊரார் ஒதுக்கிய செல்லப்பா சுவாமிகளே அவருக்குக் குரு. அணைத்து மந்திரம் ஓதிய குரு அல்லர், ஏசிக் கலைத்தவர். நீ யார் என்ற கேள்வியை மட்டும் கொடுத்தார். அந்தக் கேள்விக்காகச் சுவாமிகள் உத்தியோகத்தை விட்டு, கொழும்புத்துறையில் இலுப்பை மரத்தடியில் வருடக்கணக்காக இருந்தார். பின்னர் அருகிலேயே ஒரு கொட்டில்.

பரீட்சை, கலியாணம், வழக்கு, வருத்தம் என்று அக்கொட்டிலுக்கு விடிய முன்னரே ஆட்கள் வந்தனர். சிலருக்குத் தேத்தண்ணி, சிலருக்கு ஏச்சு. (நாமாயின் எது கிடைத்திருக்குமோ!) கேட்டதைக் கொடுக்கும் கடைக்காரராக அவர் கடவுளைக் காட்டவில்லை. சும்மா இருந்து தன்னை அறியவும், செய்யும் தொழிலைச் சிவதொண்டாகச் செய்யவுமே சொன்னார். பின்னர் தொடங்கிய இதழுக்கும் 'சிவதொண்டன்' என்றே பெயர்.

1964 மார்ச்சில் சமாதியடைந்தார். குருபூசை பங்குனி ஆயிலியத்தில் வரும். அன்று மாலை பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அர்ச்சனைச் சீட்டு எடுக்காமல் கால் மணி நேரம் பேசாமல் இருந்து பார்ப்போம்.