காற்றை அளந்த பேரறிஞர் றொபேட் போயில்

கண்ணுக்குத் தோன்றாத பொருளை இல்லாத பொருள் என்று கொள்ளுதல் பேதைமை. காற்றை நாம் காண்பதில்லை. எனினும் அதனையின்றி ஒரு நாழிகையேனும் உயிர்வாழ்தல் இயலாது. அக்காற்றுக்கும் ஓர் ஒழுங்குண்டு என்பதை அளந்து காட்டிய பெரியார் றொபேட் போயில் ஆவர். விஞ்ஞானம் பயின்ற நம் பழைய மாணவர் அனைவரும் அவர் பெயரை அறிவர். அவர் வாழ்வை அறிந்தோர் சிலரே. யான் விஞ்ஞான ஆசிரியனல்லேன், தமிழ் கற்பிப்பவன். ஆயினும் அப்பெரியாரின் வரலாறு எத்துறை மாணாக்கருக்கும் பயன்படுவதாகலின், அதனை இம்மலரிற் சுருங்கக் கூற விழைகின்றேன்.

போயில் 1627ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் அயர்லாந்து தேசத்து லிஸ்மோர் மாளிகையிற் பிறந்தார். தந்தையார் கோர்க் பிரபு, அத்தேசத்திற் பெருநிலங்களை உடைமையாக்கிக் கொண்ட ஆங்கிலேயச் செல்வர். அவருடைய பதினைந்து மக்களுள் போயில் பதினான்காமவர். இளமையிலேயே தாயை இழந்தார். விளையாட்டுத் தோழரின் திக்குவாயைப் போலச் செய்து பழகியதால், அக்குறை அவரையும் பற்றிக் கொண்டது. எட்டு வயதில் ஈட்டன் பாடசாலையிற் சேர்ந்தார். பின்னர்த் தமையனாருடன் ஐரோப்பிய நாடுகளிற் கல்விச் சுற்றுலாச் சென்றார். 1642ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் புளோரன்ஸ் நகரிலிருந்தபோது, அதன் அயலிலே கலிலியோ காலமானார். அப்பேரறிஞரின் நூற்கருத்துகளில் இளைஞர் போயிலின் மனம் ஆழ்ந்தது.

1650களின் நடுப்பகுதியில் அவர் ஒக்ஸ்போட் நகரிற் குடியேறி, ஆங்கிருந்த ஆராய்ச்சியாளர் கூட்டத்துடன் இணைந்தார். ஜேர்மனியிலே குவெரிக் என்பவர் காற்றை வெளியேற்றும் பம்பி ஒன்றை ஆக்கியமையைக் கேள்வியுற்று, அதனினும் சிறந்த கருவியொன்றைத் தமக்கெனச் செய்வித்தார். அதனைச் செய்து முடித்தவர் அவர்தம் உதவியாளரும், பிற்காலத்திற் பெரும் புகழெய்தியவருமாகிய றொபேட் ஹூக். அக்கருவி கொண்டு கண்டவற்றை 1660ஆம் ஆண்டு போயில் நூலாக வெளியிட்டார். காற்றுக்கு அமுங்கி மீளும் வில்லின் தன்மை உண்டு என்பது அந்நூலின் சாரம்.

நூல் வெளிவந்ததும் மறுப்பும் எழுந்தது. பிரான்சிஸ் லைன் என்னும் சமய அறிஞர், இரசத்தைக் குழாயில் 29 அங்குலம் உயர நிறுத்துவதற்குக் காற்றின் வில்லாற்றல் போதாதென்றும், கண்காணா இழையொன்றே அதனை மேலிருந்து தாங்குகின்றதென்றும் வாதித்தார். போயில் சொல்லுக்குச் சொல் தொடுத்து விட்டுவிடவில்லை; அளவையைத் துணைக்கொண்டார். தூண்டில்முள் போல வளைந்த நீண்ட கண்ணாடிக் குழாயின் குறுகிய முனையை அடைத்து, அதனுட் காற்றைச் சிறைப்படுத்தினார். நீண்ட முனை வழியே இரசத்தைச் சிறிது சிறிதாக வார்த்தார். குழாய் அறைக்குள் அடங்காத உயரமுடையதாகலின், மாடிப்படிகளை ஒட்டி அதனை நிறுத்த வேண்டியதாயிற்று. குழாய் உடைந்து இரசம் சிதறிய நாள்களும் உண்டு. அவர் சோர்ந்தாரல்லர்.

முடிவு யாது? அமுக்கம் இருமடங்கானபோது காற்றின் கனவளவு அரைவாசியாயிற்று. நான்கு மடங்கானபோது காற்பங்காயிற்று. வெப்பநிலை மாறாதிருக்க, குறித்த திணிவுடைய வாயுவின் கனவளவு அதன் அமுக்கத்துக்கு நேர்மாறு விகிதசமமாகும் என்று இன்று நாம் கற்பது இதுவே. 1662ஆம் ஆண்டு, லைனுக்கு விடையாகவே இவ்வுண்மை அச்சேறியது. மறுத்தவர் இல்லையேல் இவ்விதி அன்று பிறந்திராது எனலாம்.

மாணாக்கர் இங்கு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். போயில் தாம் அளந்த எண்களையும், விதிப்படி வரவேண்டிய எண்களையும் அருகருகே அட்டவணையாக வெளியிட்டார். காற்றுக் காற்பங்காய் ஒடுங்கிய இடத்திலே 116½ அங்குலம் வரவேண்டியிருக்க, அவர் கண்டது 117½ அங்குலத்துக்கும் சற்று மேலானது. அவ்வேறுபாட்டை அவர் மறைத்தாரல்லர். கண்டதைக் கண்டவாறே எழுதினார். விடையை முன்னரே அறிந்துகொண்டு, அதற்கியைய வாசிப்புகளைத் திருத்திச் செய்முறைக் கொப்பியை அழகுபடுத்துவோர் நம்மிடையே இலரோ? அவ்வழகு கொப்பிக்கேயன்றி அறிவுக்கு அன்று.

பிறர் பெருமையையும் அவர் மறைத்தாரல்லர். 1661ஆம் ஆண்டிலே றிச்சட் டவுன்லி, ஹென்றி பவர் என்னும் இருவர் இங்கிலாந்தின் பெண்டில் குன்றின் மீதேறிக் காற்றின் மாறுதலை அளந்திருந்தனர். இவ்விகிதத்தை முதலிற் கருதியவர் டவுன்லியே என்று போயில் தம் நூலிற் குறிப்பிட்டார். பின்னாளிலே பிரான்சில் மரியொத் என்பவரும் இவ்விதியை வெளியிட்டார். அங்கு இஃது அவர் பெயராலும் வழங்குகின்றது.

குன்றேறிக் காற்றை அறிதல் மாத்தளை மாணாக்கர்க்கு அரிதன்று. இரத்தோட்டை வழியாக றிவஸ்டன் மலைக்கு ஏறுவோர், வாய் மூடி ஒட்டிய முறுக்குப் பையொன்றைக் கையிற் கொண்டு செல்வாராக. மேலே செல்லச் செல்லப் பை புடைத்து நிற்றலைக் காண்பர். மலைக்குளிர் பையின் காற்றைச் சுருக்க முயன்றும், வெளியமுக்கக் குறைவு அதனை விரித்துவிடுகின்றது. துவிச்சக்கர வண்டியின் பம்பி வாயை விரலால் அடைத்து அழுத்துங்கால் நாம் உணரும் எதிர்ப்பும் போயில் கூறிய வில்லாற்றலேயாம்.

வேதியியலிலும் அவர் 1661இல் வெளியிட்ட நூல் பழங்கொள்கைகளை அசைத்தது. 1660இல் இலண்டனிலே வேத்தியற் கழகம் உருவாகியபோது அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். 1680இல் அதன் தலைமை அவரைத் தேடிவந்தது. சத்தியம் செய்தலில் மனச்சாட்சி இடந்தராமையின் அதனை ஏற்றாரல்லர். மணம் புரியாது, 1668 முதல் இலண்டனிலே தமக்கையார் கதரின் இல்லத்தில் வாழ்ந்தார். கண்ணொளி குன்றியபோதும், பிறரைக் கொண்டு எழுதுவித்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1691ஆம் ஆண்டு திசெம்பர் 23ஆம் நாள் தமக்கையார் மறைந்தார். எட்டு நாள் கழித்து, 31ஆம் நாள், தம்பியாரும் உயிர்நீத்தார்.

செல்வமும் குலமும் அவருக்குப் பிறப்பால் வந்தன; புகழோ உண்மையால் வந்தது. அழுத்துந்தோறும் எதிர்த்து நிற்பது காற்றின் இயல்பு. மறுப்புகள் அழுத்துந்தோறும் சினந்து சிதறாது, செறிந்து வலிமை பெற்றது போயிலின் உள்ளம். நம் கல்லூரியின் ஆய்வுகூடத்திலே குழாயும் கையுமாக நிற்கும் இளைஞர் ஒவ்வொருவரும், கண்டதைக் கண்டவாறே எழுதும் அத்துணிவைப் பெறுவாராக.