மைக்கல் பரடேயும் எமது வீட்டு மின்சுற்றும்



விஞ்ஞானப் பாடத்தில் வீட்டு மின்சுற்று என்ற பகுதி வந்தவுடன் உங்களில் பலர் படத்தை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறீர்கள். பரீட்சை முடிந்ததும் அது மறந்துவிடுகிறது. இப்பகுதி புள்ளிக்கு மட்டும் உரியதன்று, உயிருக்கும் உரியது. கற்பிட்டி முதல் சிலாபம் வரையுள்ள கரையோரத்தில் வாழும் எமக்கு அது இன்னும் முக்கியம். காரணத்தைப் பின்னர் பார்ப்போம். முதலில் ஒரு மனிதரின் வாழ்க்கையை அறிந்துகொள்ளுங்கள்.

1. புத்தகம் கட்டிய சிறுவன்

மைக்கல் பரடே 1791 செப்டெம்பர் 22 ஆம் திகதி இலண்டனுக்கு அருகே பிறந்தார். தந்தை ஒரு கொல்லர். அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால் குடும்பத்தில் வறுமை நிலவியது. வாசிப்பு, எழுத்து, சாதாரண கணக்கு ஆகியவற்றுக்கு மேல் பரடே பாடசாலையில் எதுவும் கற்கவில்லை. 13 வயதில் ஒரு புத்தகக் கடையில் ஏவல் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு முதல் அங்கேயே ஏழு வருடங்கள் புத்தகம் கட்டும் தொழிலைப் பழகினார்.

கட்டுவதற்கு வந்த புத்தகங்களை அவர் வாசிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் இருந்த மின்னியல் கட்டுரை அவரைக் கவர்ந்தது. கையிலிருந்த சில்லறைக் காசில் பொருட்கள் வாங்கிச் சிறு பரிசோதனைகளைச் செய்து பார்த்தார்.

1812 இல் கடை வாடிக்கையாளர் ஒருவர், றோயல் நிறுவனத்தில் ஹம்பிறி டேவி என்ற விஞ்ஞானி ஆற்றிய விரிவுரைகளுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்தார். பரடே கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, தாமே அழகாகக் கட்டி, டேவிக்கு அனுப்பிவைத்தார். 1813 மார்ச்சில் அந்த நிறுவனத்தில் ஆய்வுகூட உதவியாளர் வேலை அவருக்குக் கிடைத்தது. நீங்கள் ரியூசன் வகுப்பில் எழுதும் குறிப்புக் கொப்பியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். பரடேக்கு விஞ்ஞான உலகின் கதவைத் திறந்தது ஒரு குறிப்புக் கொப்பியே.

2. இரும்பு வளையம்

மின்னோட்டம் காந்த விளைவை உண்டாக்கும் என்பதை ஏர்ஸ்ரெட் 1820 இல் கண்டறிந்தார். அடுத்த ஆண்டில் பரடே, மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். இன்றைய மின்விசிறியின் மோட்டருக்கு இதுவே வித்து. காந்தத்தைக் கொண்டு மின்னை உண்டாக்க முடியாதா என்பது அவரது அடுத்த கேள்வி. இதற்கு விடை காண ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் சென்றன. பல முயற்சிகள் தோல்வியில் முடிந்தன.

1831 ஆகஸ்ட் 29 இல் அவர் ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைத் தனித்தனியாகச் சுற்றினார். ஒரு சுருளை மின்கலத்துடனும் மற்றையதை ஒரு காந்தவூசி அருகே செல்லும் கம்பியுடனும் இணைத்தார். மின்கலத்தை இணைத்த கணத்தில் ஊசி அசைந்தது, பின்னர் ஓய்ந்தது. இணைப்பைத் துண்டித்த கணத்தில் மீண்டும் அசைந்தது. காந்தப்புலம் மாறும்போது மட்டுமே மின் தூண்டப்படுகிறது என்பதை இது காட்டியது. இதுவே மின்காந்தத் தூண்டல். இந்த வளையத்தை நினைவில் வைத்திருங்கள். அதை மீண்டும் உங்கள் வீட்டில் சந்திப்போம்.

3. நுரைச்சோலையிலிருந்து வீடு வரை

அதே ஆண்டு ஒக்டோபரில், காந்தத்தைச் சுருளுக்குள் அசைத்தும் மின்னைப் பெறலாம் எனப் பரடே காட்டினார். எமது மாவட்டத்தின் நுரைச்சோலையில் 2011 இல் இயங்கத் தொடங்கி, 2014 இல் 900 மெகாவாற்றுக் கொள்ளளவை அடைந்த லக்விஜய நிலையத்திலும் அடிப்படை இதுவே. நிலக்கரி எரிந்து, நீராவி சுழலியைச் சுற்ற, சுழலும் மின்காந்தம் சுருள்களில் மின்னைத் தூண்டுகிறது. உயர் அழுத்தத்தில் வரும் மின்னை 230 வோல்ற்றாகக் குறைக்கும் நிலைமாற்றியும் இரண்டு சுருள் கொண்ட அமைப்பே.

4. வீட்டுக்குள் மின் வரும் வழி

பின்வரும் ஒழுங்கை மனதில் பதியுங்கள்:

சேவைக் கம்பி – சேவை உருகி – மின்மானி – பிரதான ஆளி – ட்ரிப் சுவிச் – சிறு சுற்றுடைப்பான்கள் – விளக்குகளும் குதைகளும்.

உயிர்க்கம்பி மின்னைக் கொண்டுவருகிறது. நொதுமற்கம்பி சுற்றைப் பூர்த்தியாக்குகிறது. புவிக்கம்பி சாதாரண வேளையில் மின்னைக் கொண்டுசெல்வதில்லை. உபகரணத்தின் உலோக உடலில் உயிர்க்கம்பி தொட்டுவிட்டால் மின்னை நிலத்துக்குக் கடத்துகிறது. ஆளி எப்போதும் உயிர்க்கம்பியிலேயே பொருத்தப்பட வேண்டும்.

5. உருகி எதைக் காக்கிறது?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உருகியும் சிறு சுற்றுடைப்பானும் கம்பி அளவுமீறிச் சூடாகித் தீப்பிடிப்பதைத் தடுக்கின்றன. 1000 வாற்று மின்னழுத்தி 230 வோல்ற்றில் ஏறத்தாழ 4.3 அம்பியரைப் பெறுகிறது. ஆனால் ஒரு மனித உடலினூடாக 0.1 அம்பியர் பாய்ந்தாலே மரணம் ஏற்படலாம். 5 அம்பியர் உருகி அதற்கு அசையாது. மனிதரைக் காப்பது ட்ரிப் சுவிச். வீடுகளில் உள்ளது பொதுவாக 0.03 அம்பியர் (30 மில்லி அம்பியர்) கசிவிலேயே சுற்றைத் துண்டித்துவிடும்.

அதன் உள்ளே இருப்பது எது தெரியுமா? பரடேயின் வளையம். உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் அவ்வளையத்தினூடாகச் செல்கின்றன. போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் சமமாயின் அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஓட்டத்தின் ஒரு பகுதி யாரோ ஒருவரின் உடலூடாக நிலத்துக்குச் சென்றால் சமநிலை குலையும். அவ்வேளையில் வளையத்திலுள்ள மூன்றாவது சுருளில் மின் தூண்டப்பட்டு, சுவிச் விழுந்துவிடும்.

6. உப்புக் காற்றும் மின்னும்

1833, 1834 ஆம் ஆண்டுகளில் பரடே மின்பகுப்பு விதிகளை வெளியிட்டார். அயன் என்ற சொல்லை விஞ்ஞானத்துக்குத் தந்தவரும் அவரே. தூய நீர் மின்னை மிகக் குறைவாகவே கடத்தும். உப்பு கரைந்த நீரில் அயன்கள் இருப்பதால் நன்றாகக் கடத்தும். எமது ஊர்களில் உப்புக் காற்று குதைகளிலும் இணைப்புகளிலும் படிகிறது. மழைக்காலத்தில் அது ஈரமாகி மின் கசிய வழி செய்கிறது. அதனால் ட்ரிப் சுவிச் அடிக்கடி விழும். சில வீடுகளில் அதனைத் தொல்லை என்று கருதி, கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். இது பெரும் ஆபத்து. விழும் சுவிச் பழுதானது என்று முடிவுசெய்யாதீர்கள். எங்கோ கசிவு இருக்கலாம் என்று அது சொல்கிறது. தகுதியுள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டு அக்கசிவைத் தேடுவதே சரியான வழி.

7. இறுதிக்காலம்

பரடே உயர்கணிதம் அறியாதவர். அவரது கருத்துகளைப் பின்னர் மக்ஸ்வெல் சமன்பாடுகளாக்கினார். றோயல் கழகத்தின் தலைவர் பதவி தேடிவந்தபோதும் அவர் ஏற்கவில்லை. ஆனால் 1827 முதல் 1860 வரை, சிறுவருக்கான நத்தார் விரிவுரைகளை 19 தடவைகள் நடத்தினார். 1867 ஆகஸ்ட் 25 இல் காலமானார். கொள்ளளவத்தின் அலகான பரட் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

நினைவிற் கொள்க

• உருகி கம்பியைக் காக்கும். ட்ரிப் சுவிச் ஆளைக் காக்கும்.
• மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். சுவிச் விழாவிட்டால் பெற்றோரிடம் சொல்லி உடனே மாற்றச் செய்யுங்கள்.
• ஈரக் கையால் ஆளியைத் தொடாதீர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. பரடேயின் காந்தவூசி தொடர்ந்து விலகி நிற்காமல் ஓய்ந்தது ஏன்?
2. 2000 வாற்றுக் கேத்தல் 230 வோல்ற்றில் பெறும் மின்னோட்டம் யாது?
3. 5 அம்பியர் உருகி இருந்தும் ஒருவர் மின்தாக்கத்தால் இறக்கக்கூடும். விளக்குக.
4. உங்கள் வீட்டு மின்பலகையைத் தொடாமல் அவதானித்து, அதன் பகுதிகளை ஒழுங்குமுறையில் வரைந்து பெயரிடுக.