ரோசாப்பூத் துரை

பட்டுத் தறிகளின் ஓசை இடையறாத பெரணமல்லூரில் வளர்ந்த எனக்கு ஒன்று நன்கு தெரியும். நெசவாளி ஒருவர் வழக்கின் பொருட்டு நீதிமன்றப் படி ஏறின் அன்று அவர் தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் இல்லை. வழக்கறிஞர்க்குக் கொடுக்க வேண்டிய பொருளோ அதனினும் பெரிது. ஏழைகட்கு இலவசச் சட்ட உதவி நல்குதல் அரசின் கடன் என்று 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் நம் அரசியலமைப்பில் ஒரு பிரிவைச் சேர்த்தது. இளைய வழக்கறிஞர் சிலர் உதவிச் சம்பளம் பெற்று எளியோரிடைப் பணியாற்றவும் இன்று வழியுண்டு. இவை யாவும் தோன்றுமுன்னரே அப்பணியை மேற்கொண்ட பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

அன்னார் திருவிதாங்கூரைச் சார்ந்த செங்கன்னூரில் 1887-இல் கிறிஸ்தவக் குடியொன்றிற் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று, பின் எடின்பரோவில் தத்துவமும் இலண்டனிற் சட்டமும் கற்று, 1909-இல் தாயகம் மீண்டு, மதுரையைத் தம் ஊராகக் கொண்டார். ஆலைத் தொழிலாளர்க்கு 1918-இல் அங்கே சங்கம் எழுந்தபோது அதற்குத் துணை நின்றவருள் இவரும் ஒருவர்.

அக்காலத்து மதுரைக்கு மேற்கே வாழ்ந்த பிரமலைக் கள்ளர்மீது குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்திருந்தது. கைரேகைச் சட்டம் என்றே மக்கள் அதனை வழங்கினர். குற்றம் செய்தவரை ஒறுப்பது சட்டத்தின் இயல்பு; இதுவோ பிறப்பையே குற்றமாக்கிற்று. ஆடவர் தம் கைரேகையைப் பதிந்து கொடுத்தல் வேண்டும். இரவில் மனை மக்களை விட்டுக் காவலர் கண்காணிப்பிற் படுத்துறங்குதல் வேண்டும். அயலூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரார் ரேகை பதிய மறுத்தனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் காவற்படை சுட்டதில், மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்டுப் பதினாறு பேர்க்குக் குறையாமல் மாண்டனர்.

இச்சட்டத்தில் வேறொரு கொடுமையும் உண்டு. ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரை என அரசு அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்புச் செல்லாது என்று நீதிமன்றத்தில் வழக்கிட இயலாது. சட்டமே அக்கதவை அடைத்திருந்தது. ஆகவே அகப்பட்டார் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே வாதாடுதல், பத்திரிகையில் எழுதுதல், அரசினரிடம் முறையிடுதல் என்பவையன்றி வழக்கறிஞர்க்கு வேறு கருவி இல்லை. ஜோசப் அவற்றையே கையாண்டார். பொருள் ஈட்ட எண்ணுவார்க்கு இது ஏற்ற வழியன்று.

ஒத்துழையாமை இயக்கம் எழவே, நன்கு நடந்த தம் வழக்கறிஞர் தொழிலை அவர் துறந்தார். அலகாபாத்தில் பத்திரிகை நடத்தி 1921 டிசம்பரிற் சிறை புகுந்தார். அவர் நாட்டுப்பற்றைப் போற்றாதார் யார்? ஆயினும் வழக்கறிஞர் அனைவரும் நீதிமன்றத்தை விட்டகன்றால், சீட்டின்றிப் பிடிபட்ட ஏழைக்காக எவர் எழுந்து நிற்பர் என்னும் ஐயம் எனக்கு எழாமலில்லை. அவர்க்கும் அது எழுந்ததோ, அறியேன். 1924-இல் வைக்கம் அறப்போரிலும் சிறைப்பட்ட அவர், பின்னர் மதுரைக்கு மீண்டு மறுபடியும் வழக்கறிஞர் அங்கி அணிந்தார்.

1937-இல் நடுவண் சட்டசபை உறுப்பினரானார். அடுத்த ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள், ஐம்பது வயதில், மதுரையில் உயிர் நீத்தார். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947-இல். அதனைக் காண அவர் இலர்.

ஜோசப் என்னும் பெயர் நாட்டுப்புறத்தார் நாவில் ரோசாப்பூ ஆயிற்று என்பர். அவர் தம் மேற்சட்டையில் அப்பூவை அணிந்தமையால் வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், அவரை நேரிற் கண்டிராத தலைமுறையினரும் அக்கள்ளர் நாட்டில் தம் பிள்ளைகட்கு ரோசாப்பூ என்று பெயரிட்டனர்.