கோர்டன் மரே: மனித வால்வை மாற்றிப் பொருத்திய ரொறன்ரோ மருத்துவர்

கிருமித் தொற்றால் இதய வால்வு சிதைந்து, மருந்துகளும் பலனளிக்காத நிலையில், அதனை மாற்றுவதே பல நோயாளிகளுக்கு எஞ்சியிருக்கும் வழி. மார்பெலும்பை முழுமையாகப் பிளக்காமல், சிறு கீறலின் மூலமும் இச்சிகிச்சை இன்று சிலருக்குச் செய்யப்படுகிறது. இறந்தவரின் வால்வு இன்னொருவரின் உடலில் இயங்கும் என்பதை 1955ஆம் ஆண்டிலேயே காட்டியவர், கனடாவின் ரொறன்ரோ பொது மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் கோர்டன் மரே.

ஒன்ராறியோ மாகாணத்தில் 1894இல் பிறந்த மரே, முதலாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றினார். 1921இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இரத்தக் குழாய்களில் கத்தி வைத்தால் இரத்தம் உறைந்துவிடும் என்பதே அக்காலத்தின் பெருந்தடையாக இருந்தது. அதே நகரின் ஆய்வுகூடங்களில் தூய்மைப்படுத்தப்பட்ட ஹெப்பாரின் மருந்தை 1930களில் நோயாளிகளுக்குப் பயன்படுத்தி, அத்தடையைத் தகர்த்தவர்களில் அவர் முதன்மையானவர். தாம் வடிவமைத்த செயற்கைச் சிறுநீரகத்தின் உதவியுடன் 1946இல் ஒரு நோயாளியையும் அவர் காப்பாற்றினார்.

1955இல், இதய-நுரையீரல் இயந்திரம் இன்னும் தொடக்க நிலையிலேயே இருந்தது. எனவே இதயத்தைத் திறக்காமல், கீழிறங்கும் பெருந்தமனியில் மனித வால்வைப் பொருத்தினார் மரே. தலைக்கும் கைகளுக்கும் செல்லும் குழாய்கள் அதற்கு முன்பே பிரிந்துவிடுவதால், இரத்தம் பின்னோக்கிப் பாய்வதை அது ஓரளவே தடுத்தது. ஆயினும் சிலரிடம் அவ்வால்வு பல ஆண்டுகள் இயங்கியது. 1962இல் லண்டனில் டொனால்ட் ராஸும், ஆக்லாந்தில் பிரையன் பாரட்-பாய்ஸும் மனித வால்வை அதற்குரிய இடத்திலேயே பொருத்தினர். தொற்று பெருந்தமனியின் அடிப்பகுதி வரை பரவியவர்களுக்கு மனித வால்வு இன்றும் ஒரு தெரிவாக உள்ளது.

மரேயின் பிற்காலம் கசப்பானது. புற்றுநோய்க்கு அவர் உருவாக்கிய சீரம் பலனளிப்பதாக நிரூபணமாகவில்லை. கனடாவின் உயரிய விருது கிடைத்த 1967ஆம் ஆண்டிலேயே, முடக்குவாத நோயாளி ஒருவரைத் தண்டுவட அறுவைச் சிகிச்சையால் நடக்கவைத்ததாக அவர் அறிவித்தார். சக மருத்துவர்களின் ஆய்வில் அக்கூற்று நிலைக்கவில்லை. நம்பிக்கையோடு அவரை நாடிய நோயாளிகளுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. 1976இல் அவர் காலமானார்.

பிறரின் ஒப்புதலுக்காகக் காத்திராத துணிவே அவருக்கு வெற்றிகளைத் தந்தது. அதுவே அவரது பெயரையும் குலைத்தது. இன்று புதிய சிகிச்சைகள் சுயாதீனக் குழுக்களின் பரிசீலனைக்குப் பின்னரே நோயாளியை எட்டுகின்றன. அது ஏன் அவசியம் என்பதற்கு மரேயின் வாழ்வே ஒரு சான்று.