ஓட்டை போட்ட அட்டையிலிருந்து டிராப்-டவுன் வரைக்கும்: ஹெர்மன் ஹாலரித்தின் கதை

போன செமஸ்டர் டேட்டாபேஸ் லேப்ல எங்க டீமோட மினி ப்ராஜெக்ட், ஹாஸ்டல் புகார்ப் பதிவேடு. ஒரு ஃபார்ம், அதுக்கு மேல ஒரு டிராப்-டவுன். பிளாக் பேரைத் தேர்ந்தெடுத்தா, அந்த பிளாக்கோட புகார்கள் மட்டும் கீழே வரணும். அவ்வளவுதான். டெமோ அன்னிக்கு பி பிளாக்கைத் தேர்ந்தெடுத்தோம். பாதி ரெக்கார்டைக் காணோம்!

கொயரில தப்பே இல்ல. தப்பு எங்கேன்னா, தேடுற இடத்துல டிராப்-டவுன் வச்ச நாங்க, பதிவு பண்ற இடத்துல வெறும் டெக்ஸ்ட் பாக்ஸ் வச்சிருந்தோம். ஒருத்தன் "பி பிளாக்"னு அடிச்சிருக்கான், இன்னொருத்தன் "பிளாக் பி", மூணாவது ஆளு வெறும் "பி". மனுஷனுக்கு மூணும் ஒண்ணு. மெஷினுக்கு மூணும் வேற வேற. உள்ளே போகும்போதே ஏன் பட்டியல் வைக்கலைன்னு மேடம் கேட்டாங்க. எங்ககிட்ட பதில் இல்ல.

அந்தக் கடுப்புல படிக்க ஆரம்பிச்சப்பதான் ஒரு விஷயம் தெரிஞ்சது. இந்தப் பாடத்தை ஒரு இன்ஜினியர் 130 வருஷத்துக்கு முன்னாடியே, கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல, இரும்பாலயும் பாதரசத்தாலயும் செஞ்சு காட்டிட்டார். அவர் பேர் ஹெர்மன் ஹாலரித்.

ஸ்பெல்லிங் வராத பையன்

ஹாலரித் பிறந்தது 1860 பிப்ரவரி 29, அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். கணக்கும் படம் வரைவதும் நல்லா வரும், ஸ்பெல்லிங் மட்டும் சுத்தமா வராது. ஸ்பெல்லிங் வகுப்பு வந்தாலே பள்ளியைவிட்டு ஓடிவிடுவார் என்று ஒரு கதை சொல்வாங்க. பிறகு நியூயார்க்கின் கொலம்பியா சுரங்கவியல் பள்ளியில் சேர்ந்து, 1879-ல் இன்ஜினியர் பட்டம் வாங்கினார். அப்போ அவருக்கு வயசு 19. நம்மளைவிட ரெண்டு வயசு சின்னவர்.

அவருடைய பேராசிரியர் வில்லியம் டிரோபிரிட்ஜ், 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பார்க்க அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் பிரச்சினையைக் கண்ணால் பார்த்தார். ஐந்து கோடிப் பேரின் விவரங்கள் காகிதத்தில் இருந்தன. திருமணமான ஆண்கள் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமானால், குமாஸ்தாக்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக் கோடு போட்டு எண்ண வேண்டும். அதிலேயே வெளிநாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டும். அந்தக் கணக்கெடுப்பின் வேலை முடியவே ஏழு வருஷத்துக்கு மேல ஆனது. நாடு வளர்கிற வேகத்தைப் பார்த்தால், ஒரு கணக்கெடுப்பு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும் நிலைமை.

அங்கே புள்ளிவிவரப் பிரிவில் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற மருத்துவர் இருந்தார். ஒரு ராத்திரி தன் வீட்டுச் சாப்பாட்டின்போது, இந்த எண்ணுகிற வேலைக்கு ஒரு மெஷின் இருக்க வேண்டும் என்று ஹாலரித்திடம் சொன்னார். யோசனை சொன்னவர் அதில் பங்கு கேட்கவே இல்லை. பிரச்சினை தீர்ந்தால் போதும் என்று விட்டுவிட்டார். ஹாலரித்துக்கோ அந்த யோசனை மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

டேப்பா, அட்டையா?

1882-ல் எம்ஐடியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சொல்லிக்கொடுக்கப் போனார். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே தாக்குப்பிடிக்கவில்லை. பிறகு கொஞ்ச காலம் காப்புரிமை அலுவலக வேலை. அங்கே கற்றது பின்னாளில் ரொம்ப உதவியது.

முதலில் அவர் முயன்றது நீளமான காகித நாடா. ஒவ்வொருவருக்கும் நாடாவில் வரிசையாக ஓட்டைகள். ஆனால் நாடாவின் நடுவில் இருக்கும் ஒருத்தரைத் தேட, முழு நாடாவையும் ஓட்ட வேண்டும். வேண்டியவர்களை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்கவும் முடியாது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படித்த நமக்கு இந்த வலி புரியும்.

விடை ரயிலில் கிடைத்தது. அப்போது அமெரிக்க ரயில்களில் கண்டக்டர்கள், டிக்கெட் வாங்கியவரின் முடி நிறம், கண் நிறம் மாதிரியான அடையாளங்களை டிக்கெட்டிலேயே ஓட்டை போட்டுக் குறித்துவிடுவார்கள். வேறு ஆள் அதே டிக்கெட்டில் ஏறக் கூடாது என்பதற்காக. ஹாலரித் அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. ஓட்டை இருக்கும் இடம்தான் தகவல். இன்றைக்கு நாம் ரெக்கார்டு என்று சொல்கிறோமே, அதேதான். அட்டை என்றால் பிரிக்கலாம், அடுக்கலாம், கலைத்து மறுபடி வேறு மாதிரி அடுக்கலாம்.

பால்டிமோர் நகரத்தின் இறப்புப் பதிவுகளை வைத்துச் சோதித்தார். கண்டக்டர் வைத்திருப்பது போன்ற கை பஞ்சால் ஆயிரக்கணக்கான ஓட்டைகளைத் தானே போட்டதில் கை வலி தாங்கவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய அடுத்த கருவி. என்னைப் பொறுத்தவரை அவருடைய கண்டுபிடிப்புகளிலேயே பெரியது அதுதான்.

முதல் டிராப்-டவுன்

அந்தக் கருவியில் ஒரு தகடு இருக்கும். தகட்டில் நிறைய துளைகள், ஒவ்வொரு துளைக்கும் ஒரு குறி: ஆண், பெண், திருமணமானவர், விதவை, பிறந்த நாடு, தொழில் என்று. குமாஸ்தா ஒரு நெம்புகோலைப் பிடித்து, பொருத்தமான துளைக்கு மேல் கொண்டுபோய் அழுத்துவார். நெம்புகோலின் மறுமுனை அட்டையில் அதற்குரிய இடத்தில் ஓட்டை போடும்.

கவனிச்சுப் பாருங்க. குமாஸ்தா எதையும் எழுதவில்லை. இருக்கிற பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். நம்ம ஃபார்ம்ல இருக்கிற டிராப்-டவுன் செய்யும் வேலை இதுதானே! ஒரே விஷயத்தை மூணு விதமா எழுத அங்கே வழியே இல்லை. இன்னொரு வசதியும் இருந்தது. ஒரே வட்டாரத்து ஆட்களின் அட்டைகளில் இடத்தைக் குறிக்கும் ஓட்டைகளை, பல அட்டைகளுக்குச் சேர்த்து ஒரே அழுத்தில் போட்டுவிடுவார்கள். நாம இப்போ டீஃபால்ட் வேல்யூ வைக்கிறோமே, அது மாதிரி.

அடுத்தது வாசிக்கும் மெஷின். அட்டையை வைத்துக் கைப்பிடியை இறக்கினால் ஊசிகள் கீழே வரும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி அட்டையில் முட்டி நின்றுவிடும். ஓட்டை இருந்தால் ஊசி அதன் வழியாக இறங்கிக் கீழே கிண்ணத்தில் இருக்கும் பாதரசத்தைத் தொடும். மின்சுற்று முழுமையடையும். எதிரே இருக்கும் 40 டயல்களில் அதற்குரிய முள் ஒரு எண் நகரும். அட்டை ஒழுங்காகப் பதிவானால் மணி அடிக்கும். ஏதாவது விட்டுப்போயிருந்தால் மணி அடிக்காது, அட்டையை எடுத்துச் சரிபார்க்க வேண்டும். வேலிடேஷன்!

ஃபில்டர் எங்கே? ரிலேக்களில். ஒரே ஒரு ஓட்டையை மட்டும் எண்ணாமல், ரெண்டு மூணு நிபந்தனைகள் ஒன்றாகப் பொருந்தினால்தான் மின்சாரம் போகும்படி ரிலேக்களை இணைத்துவிடலாம். ஆண், கூடவே திருமணமானவர், கூடவே வெளிநாட்டில் பிறந்தவர். எல்லாம் பொருந்தினால் மட்டும் அந்த டயல் நகரும். பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் நிறைய அறைகள். அட்டைக்குரிய அறையின் மூடி மட்டும் தானாகத் திறக்கும். குமாஸ்தா அட்டையை அதில் போட்டு மூடியைச் சாத்துவார். நாம எஸ்க்யூஎல்ல வேர் போட்டு ஆண்ட் போட்டு எழுதுவதை, அவர் கம்பியால் எழுதினார். நிபந்தனையை மாற்ற வேண்டுமென்றால் கம்பியைக் கழற்றி வேறு மாதிரி இணைக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

போட்டியும் வெற்றியும்

1889-ல் அரசு ஒரு போட்டி வைத்தது. செயின்ட் லூயிஸ் நகரத்தின் நாலு வட்டாரங்களில் இருந்த 10,491 பேரின் விவரங்கள் கொடுக்கப்பட்டன. எதிரே ரெண்டு பேர்: வில்லியம் ஹன்ட், சார்லஸ் பிட்ஜின். இருவருமே வண்ண மை, வண்ண அட்டை என்று கையால் பிரிக்கும் முறைகளை வைத்திருந்தார்கள். விவரங்களை எடுத்தெழுத ஹன்டுக்கு 144 மணி நேரம், பிட்ஜினுக்கு 110, ஹாலரித்துக்கு 72. எண்ணும் கட்டத்தில்தான் உண்மையான வித்தியாசம் தெரிந்தது. ஹன்டுக்கு 55 மணி நேரம், பிட்ஜினுக்கு 44. ஹாலரித்துக்கு ஐந்தரை மணி நேரம்கூட ஆகவில்லை.

1890 கணக்கெடுப்பு அவர் கைக்கு வந்தது. அதே வருஷம் லூசியா டால்காட்டைத் திருமணம் செய்துகொண்டார். கொலம்பியா அவருக்கு முனைவர் பட்டமும் கொடுத்தது. ஆறே வாரத்தில் முதல்கட்டத் தொகை வெளிவந்தது, சுமார் 6.26 கோடி. பாராட்டு மழை பொழிந்திருக்கும்னு நினைப்பீங்க. இல்ல. மக்கள் ஆறரை கோடியாவது இருக்கும் என்று எதிர்பார்த்திருந்ததால், மெஷின்தான் தப்பு பண்ணிவிட்டது என்று சில பத்திரிகைகள் திட்டின. ரிசல்ட் பிடிக்கலைன்னா சிஸ்டத்தைக் குறை சொல்றது அப்பவே இருந்திருக்கு.

ஆஸ்திரியா, கனடா ஆகிய நாடுகள் மெஷினை எடுத்துக்கொண்டன. 1897-ல் ரஷ்யாவின் கணக்கெடுப்புக்கும் போனது. கணக்கெடுப்பு இல்லாத வருஷங்களில் பிழைப்பு ஓட, நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் சரக்குக் கணக்குக்கு மெஷினைக் கொடுத்தார். 1896-ல் டேபுலேட்டிங் மெஷின் கம்பெனியைத் தொடங்கினார்.

விட்டுக்கொடுக்காத மனுஷன்

இங்கேதான் கதை திரும்புகிறது. ஹாலரித் மெஷினை விற்க மாட்டார், வாடகைக்குத்தான் விடுவார். 1900 கணக்கெடுப்புக்குப் பிறகு, வாடகை ரொம்ப அதிகம் என்று கணக்கெடுப்பு அலுவலகம் சண்டைக்கு வந்தது. ஹாலரித் இறங்கி வரவில்லை. 1905-ல் மெஷின்கள் அங்கிருந்து வெளியேறின. அலுவலகம் சொந்தமாக மெஷின் செய்ய ஆரம்பித்தது. அதில் வேலை செய்த ஜேம்ஸ் பவர்ஸ் பிறகு தனி கம்பெனி வைத்து ஹாலரித்துக்கே போட்டியானார். ஹாலரித் கோர்ட்டுக்குப் போனார், பலிக்கவில்லை.

1911-ல் கம்பெனியை விற்றார். வேறு கம்பெனிகளுடன் அது இணைந்தது. அந்த இணைந்த கம்பெனிதான் 1924-ல் ஐபிஎம் என்று பேர் மாற்றிக்கொண்டது. ஹாலரித் ஆலோசகராகக் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1921-ல் ஓய்வு பெற்று, பண்ணையும் மாடுகளுமாக வாழ்ந்தார். 1929 நவம்பர் 17 அன்று வாஷிங்டனில் மாரடைப்பால் இறந்தார்.

பட்டியலை எழுதுவது யார்?

இதோட முடிச்சிருந்தா இது வெறும் சக்சஸ் ஸ்டோரி. ஆனா ஒண்ணு சொல்லாம இருக்க முடியல.

1890 கணக்கெடுப்பின் பட்டியலில் இனம் என்ற கேள்விக்கு வெள்ளையர், கறுப்பர் என்பதோடு நிற்கவில்லை. ஒருத்தரின் உடம்பில் எத்தனை பங்கு கறுப்பர் ரத்தம், பாதியா, காலா, எட்டில் ஒன்றா என்று தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. பட்டியலை ஹாலரித் எழுதவில்லை, அரசு எழுதியது. ஆனால் பட்டியலில் ஒரு துளை வந்துவிட்டால், ஒவ்வொரு மனுஷனும் ஏதாவது ஒரு துளைக்குள் போயே ஆக வேண்டும்.

அவர் இறந்து நாலு வருஷத்தில், 1933-ல், நாஜி ஜெர்மனியில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதில் மதம் என்ன என்ற கேள்வியும் இருந்தது. அந்த அட்டைகளைப் பிரித்தது ஐபிஎம்மின் ஜெர்மன் கிளை தயாரித்த ஹாலரித் மெஷின்கள். அந்த வகை மெஷின் ஒன்று இன்றைக்கு வாஷிங்டனில் இருக்கும் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஹாலரித் வாழ்ந்து இறந்த அதே ஊர்.

கல்யாணமானவர்களை எண்ணக் கண்டுபிடித்த அதே ஃபில்டர்தான் ஒரு மதத்துக்காரர்களைத் தனியாகப் பிரிக்கவும் பயன்பட்டது. ரிலேக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

எங்க ப்ராஜெக்ட்டை ரிவ்யூக்கு முன்னாடி சரி பண்ணிட்டோம். பிளாக் பேருக்குத் தனி டேபிள், பதிவு பண்ற ஃபார்ம்லயும் தேடுற ஃபார்ம்லயும் அதே பட்டியல். இப்போ பி பிளாக்கைத் தேர்ந்தெடுத்தா எல்லா ரெக்கார்டும் வருது. அப்புறம் ஃபார்மை ஒரு தடவை மேலிருந்து கீழே படிச்சுப் பார்த்தோம். மாணவர் விவரத்துல மதம், சமூகம்னு ரெண்டு டிராப்-டவுன் இருந்தது. ஏதோ பழைய அட்மிஷன் ஃபார்மைப் பார்த்துக் காப்பி அடிச்சது. குழாய் ஒழுகுதுன்னு புகார் சொல்றவன் எந்தச் சமூகம்னு வார்டனுக்கு எதுக்குத் தெரியணும்? டீம்ல யாருக்கும் பதில் தெரியல. ரெண்டையும் எடுத்துட்டோம்.

அடுத்த மாசம் நம்மில் பல பேர் வேலைக்குச் சேருவோம். முதல் வேலையே ஏதாவது ஒரு ஃபார்மா இருக்க நிறைய வாய்ப்பு. டிராப்-டவுன் எழுதுறது பத்து நிமிஷ வேலை. அந்தப் பட்டியல்ல என்ன இருக்கணும், என்ன இருக்கவே கூடாதுன்னு யோசிக்கக் கொஞ்சம் கூடுதலா நேரம் எடுத்துக்குங்க மக்களே.

- இறுதியாண்டு மாணவன், கணினி அறிவியல் துறை